மொய் நோட்டில் இருப்பவள் பத்திரத்தில் இல்லை

பழைய குடும்பக் கதை கேட்டு நெல்லைச் சீமையில் எந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும், தண்ணீர்ச் செம்பு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "எந்த நிலத்துக்கு?" பூட்டன் பெயர் என்ன, பூட்டி எந்த ஊர்க்காரி என்று ஒருத்தி சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பாள் என்பதை யாரும் நம்புவதில்லை. வில்லங்கம் கிளப்ப வந்தவள், பாகம் கேட்பவளுக்குத் தூது வந்தவள், மிஞ்சினால் பத்திர எழுத்தர் அனுப்பிய ஆள். நான் பதிவுத்துறையில் எழுத்தராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள் என்று உண்மையைச் சொன்னால் சந்தேகம் இன்னும் கூடும்.

அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் வம்சாவளி என்று காகிதத்தில் ஏறியதில் பெரும்பகுதி சொத்துக்காக ஏறியது. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, உயில், பட்டா மாறுதல். ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக அரசு விசாரித்தது என்றால் அந்தக் குடும்பத்தின் கையில் நிலம் இருந்தது என்று அர்த்தம். நிலம் இல்லாதவர்கள் விடுபட்டார்கள். நிலம் இருந்த வீட்டிலும் பெண்ணாய்ப் பிறந்தவர்கள் விடுபட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு நான் செய்வது அப்படி விடுபட்டவர்களைத் தேடுகிற வேலை. கட்டணம் வாங்குவதில்லை, பஸ் செலவும் நகல் செலவும் கொடுத்தால் போதும். போன வாரம் எப்படிப் போயிற்று என்று இங்கே எழுதுகிறேன். அரசாங்கத்திடமும் வாசகர்களிடமும் கேட்பதற்கு எனக்கு ஒரு காரியம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வேலை கூடலூரிலிருந்து வந்தது. கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. இலங்கை மலைநாட்டில் தேயிலை பறித்து, 1970-களில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிய குடும்பம். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்ததே, அந்தக் கணக்கில் வந்தவர்கள். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் அவருடைய அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். அப்போது கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். தோட்டத்தின் பெயர் இருக்கிறது, தாத்தாவின் பெயர் இருக்கிறது. பூட்டனின் ஊர் சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம் என்பதும் வீட்டில் சொல்லிச் சொல்லித் தங்கிவிட்டது. பூட்டி எந்த ஊர் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் ஆட்களை நிறுத்தி, நோய்க்காவல் முடித்துக் கொழும்புக்குக் கப்பலேற்றிய காலத்தில், கங்காணியின் பின்னால் புருஷனோடு போன சின்னப் பெண் அவள். "பூட்டனுக்கு ஊர் இருக்கு, சாமி இருக்கு, அங்கே போய்ப் பொங்கலும் வச்சிட்டோம். அந்த அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார் ஆசிரியை போனில்.

திங்கள்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். நான் வேலை பார்த்த அலுவலகம் இல்லை, வேறொன்று. மற்றவர்களைப் போல மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டிக் காத்திருந்தேன். பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்பட்ட 1-ம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில்கள் இருக்கும் 3-ம் புத்தகம் அப்படியல்ல. ஆனால் உயில் எழுதியவர் காலமான பிறகு யார் கேட்டாலும் நகல் தரலாம். பெயர் அட்டவணையில் எழுத்து வரிசைப்படி தேடி, பூட்டனுடைய தம்பிமார் 1930-களில் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினை ஒன்றைப் பிடித்தேன்.

அருமையான பத்திரம். நஞ்சை, புஞ்சை, கிணற்றில் நாலில் ஒரு பாத்தியம், வரப்பில் நின்ற பனைகள், தொழுவம், பித்தளை அண்டா, கல்லுரல். விதவையான தாய்க்கு ஜீவனாம்சமாக வருஷத்துக்கு இத்தனை கோட்டை நெல். இலங்கைக்குப் போன மூத்தவர் திரும்பி வந்தால் அவர் பங்கைக் கொடுப்பதாக ஒரு வரி. மூத்தவரின் பெண்சாதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வீட்டில் பிறந்து வெளியூரில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களைப் பற்றியும் இல்லை. கல்லுரல் வந்திருக்கிறது, அதில் மாவாட்டியவர்கள் வரவில்லை.

பத்திரம் எழுதியவர்மேல் தப்பில்லை; சட்டம் கேட்டதை எழுதினார். 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம்தான் தகப்பனுடைய பங்கில் மகளுக்கும் இடம் கொடுத்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தத் தடை போயிற்று. இந்த ஆண்டுகளைப் பதிவேடுகளில் கண்ணால் பார்க்கலாம். 1989-க்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பத்தின் பத்திரங்களை அடுத்தடுத்து வைத்தால், இரண்டாவதில் எங்கிருந்தோ அக்கா தங்கைகள் வந்து நிற்பார்கள். எதற்கு வருகிறார்கள்? பெரும்பாலும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க. அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மை ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்தபடி எழுந்து போன பெண்களை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். குடும்ப வரலாறு தேடுகிறவளுக்கு அது தங்கமான ஆவணம்: பெயர், வயது, கணவர் பெயர், புகுந்த ஊர் எல்லாம் இருக்கும். ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக அரசாங்கப் புத்தகத்தில் ஏறுகிற நாள், அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற நாளாக இருந்திருக்கிறது.

பெண்களின் பெயரைத் தமிழர்கள் எழுதிவைக்கவே மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சொத்து எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் பெயரும் போகும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1860-களின் இனாம் பதிவேடுகள் இருக்கின்றன. மானியம் யாருக்கு முதலில் விடப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு, வயது என்ன என்று கேட்டு எழுதியவை. கோயில் தேவதாசி மானியங்கள் வரும் பக்கங்களைப் புரட்டினால் வாரிசு வரிசை பெண் வழியில் இறங்கிவருவதைப் பார்க்கலாம். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி 1926-ல் திருவிதாங்கூர்ச் சட்டம் வரும்வரை இருந்தது. அந்தக் காலத்துக் குடும்பங்களைத் தேடும்போது தாயில்தான் தொடங்கியாக வேண்டும், தாயும் கிடைப்பாள். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு என்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அங்கே பாட்டி, அம்மா, மகள் என்று வீட்டுப் பத்திரத்தை வைத்தே மேலே ஏறிப் போகலாம். மற்ற இடங்களில் அப்படி ஏறப் படி இல்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களின் கப்பல் பட்டியல்களைப் பார்த்திருக்கிறீர்களா? 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் தழும்பு எங்கே என்பது வரை எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கும் அதே கட்டங்கள்தான். தனியாகப் போனவள் என்றாலும் அவள் ஊர் இருக்கும். டர்பனிலிருந்து எனக்கு எழுதுகிறவர்கள் பூட்டியின் கிராமத்தை எழுத்துப்பிழையோடாவது கையில் வைத்திருக்கிறார்கள். அடிமைக்குப் பக்கத்தில் நிறுத்திய முறை அது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய விவரம் அது. அந்தக் காகிதத்தில் இருக்கும் பெண், அவளைப் பெற்ற ஊரின் காகிதத்தில் இல்லை. கங்காணி முறையில் இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்தப் பட்டியல் பாக்கியமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பூட்டன் ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவேடு. அந்தக் காலத்தில் கிராம முன்சீப் எழுதிய ஏடுகள். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டபோது கணக்குக் கட்டுகள் கைமாறின. எந்த ஊர்க் கட்டு எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அங்கங்கே போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகப்பில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு மேடம்?" உறவில்லை என்றேன். "அப்போ தர முடியாதே." 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவைக் காட்டினேன். பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடித் தரச் சொல்லி எவரும் கேட்கலாம் என்பது அதன் சாரம். இறப்பின் காரணத்தை மட்டும் நகலில் காட்டக் கூடாது. அவர் வாங்கிப் படித்தார், உள்ளே போய் வந்தார், நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்கும் அதே பதில். கடைசியில் கிடைத்தது, குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி ஒரு பதிவு இல்லை என்று ஒரு கடிதம். ஏடே இல்லையா, ஏட்டில் பெயர் இல்லையா என்பதை அந்தக் கடிதம் சொல்லாது. ஏடு கிடைத்தாலும் பெண்ணைத் தேடுவது சள்ளைதான். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பை எழுதிவிடுவதால் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இன்னாருக்கு ஒரு பெண் குழந்தை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஒப்பீடு தவிர்க்க முடியாதது. சென்னை மாகாணத்தில் இருந்த ஐரோப்பியர்கள், யூரேசியர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698 முதல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பரங்கிமலையில் குடித்தே செத்த ஒரு சிப்பாய்க்கு வம்சாவளி எழுதுவது இன்றைக்கு அரைநாள் வேலை. பிரிட்டன் தன் 1921-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களை நூறு ஆண்டு கழித்து 2022-ல் திறந்துவிட்டது. அமெரிக்கா 72 ஆண்டு போதும் என்று 1950-ம் ஆண்டுத் தாள்களை அதே ஆண்டில் திறந்தது. நம் 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கணக்கெடுப்புத் தாள் யாருடைய பார்வைக்கும் உரியதல்ல. இத்தனை ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இல்லை.

புதன்கிழமை வேறொரு குடும்பத்துக்காகத் தேவாலயப் பதிவேடு பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெல்லையில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒரு தகவலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம்: பாளையங்கோட்டைச் சபையின் 1780-ம் ஆண்டுப் பட்டியலில் 40 பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் குளோரிந்தாள் என்ற விதவையுடையது. பெண் பெயரை முதலில் எழுதினால் ஏடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

வியாழக்கிழமை பூட்டனின் கிராமம். பூட்டனுடைய தம்பி வழியில் வந்த வீடு. வழக்கமான கேள்வியைத் தாண்டி உள்ளே போக எனக்கு ஒரு வழி உண்டு. ஆண்களிடம் பேச ஆரம்பிப்பதில்லை. வீட்டில் இருக்கிற மூத்த பெண்மணி எங்கே என்று கேட்டு, அவருடைய அம்மாவின் ஊரைக் கேட்பேன். யாரும் கேட்காத கேள்வி அது. தொண்ணூறைத் தாண்டிய அந்த ஆச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "எங்க ஆத்தாவா? அவ பொறந்தது வீரவநல்லூருல்லா. அவளப் பெத்தவ அம்பாசமுத்திரத்துக்காரி. எதுக்கு தாயி கேக்க?" பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அந்தத் தெருவில் வாக்கப்பட்டு வந்த அத்தனை பெண்களையும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். யாரையும் பெயர் சொல்லிச் சொல்லவில்லை. முக்கூடல்காரி, கடையத்தா, மேலச்செவலா. மருமகளைப் பிறந்த ஊர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. பெயரை விழுங்கிவிடுகிறது என்று எனக்கு அதன்மேல் கோபம் இருந்ததுண்டு. ஆனால் எந்த அலுவலகமும் எழுதிவைக்காத ஒன்றை அந்தப் பழக்கம்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இலங்கைக்குப் போன மூத்தவரின் பெண்சாதியைக் கேட்டேன். "சிலோன்காரியா? அவ நான் கலியாணம் முடிஞ்சு வாரதுக்கு முன்னாலயே போயிட்டா. எங்க அத்தை சொல்லுவா, களக்காட்டா களக்காட்டான்னு." பக்கத்தில் நின்ற பேரனுக்கு ஆச்சரியம். "எங்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லையே ஆச்சி?" "நீ எப்போ கேட்ட?" என்றார்.

வாய்ச்சொல் ஒன்றை மட்டும் வைத்து நான் எழுதுவதில்லை. வீட்டில் டிரங்குப் பெட்டி இருக்கிறதா, மொய் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பத்திரம் இருக்கிறதா என்று கேட்டால் முகம் மாறுகிறவர்கள் மொய் நோட்டைக் கேட்டால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. எங்கள் பக்கத்தில் தாய்மாமனில் ஆரம்பித்து, வந்த ஒவ்வொருவரையும் ஊரோடும் முறையோடும் எழுதியிருப்பார்கள். யார் பெண் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள், யாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது எல்லாம் அதில் வந்துவிடும். இந்த நோட்டில் ஆங்கில வருஷம் இல்லை. துன்முகி வைகாசி என்று மட்டும் இருந்தது. துன்முகி அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் வரும்: 1956, அடுத்தது 2016. தொகைகள் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டத்தில் இருந்தன. அணாக் கணக்கு 1957 ஏப்ரலில் நயா பைசாவுக்கு மாறிவிட்டது. ஆக 1956. மூன்றாம் பக்கத்தில், களக்காடு, சிலோன் மதினி அண்ணன் மகன், ரூபாய் இரண்டு.

கடல் கடந்து போய் நாற்பது வருஷம் ஆன பிறகும், அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து இரண்டு ரூபாய் எழுதியிருக்கிறார். சம்பந்தம் விட்டுப்போகக் கூடாது என்று. கூடலூருக்குப் போன் போட்டு இந்த வரியைப் படித்துக் காட்டினேன். ஆசிரியை திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை களக்காடு. அண்ணன் வழிப் பேரனைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அந்த மொய் நோட்டிலேயே அவருடைய தாத்தா பெயர் இருந்தது. இலங்கைக்குப் போன அத்தை ஒருத்தி உண்டு என்பது அவர் வீட்டிலும் தெரியும். அவளுடைய தகப்பனார் பெயரை மட்டும் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். இறப்புப் பதிவில் தீர்ந்திருக்க வேண்டிய சந்தேகம். தாளில் இரண்டு பெயரையும் எழுதி, உறுதியாகவில்லை என்று பக்கத்தில் குறித்துவிட்டேன்.

சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வம்சாவளியைக் கணினியில் ஏற்றினேன். வெள்ளைக்காரன் செய்த செயலிகளுக்கு நம் கல்யாணங்கள் புரிவதில்லை. அத்தை மகனைக் கட்டியவள், அக்கா மகளைக் கட்டியவர் என்று உள்ளிட்டால் ஒரே ஆளை இரண்டு இடத்தில் வரைந்துவிட்டு, தவறு இருக்கிறதா என்று என்னைக் கேட்கும். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் அனுப்பும் மரபணுச் சோதனை முடிவுகளிலும் இதே தொல்லைதான். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டியவர்களுக்கு ஆயிரம் ஒன்றுவிட்ட சகோதரர்களைக் காட்டும்; களக்காட்டைக் காட்டாது. எங்கள் வேலையில் உண்மையான முடிச்சு வேறு. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துதான் சங்கிலி. ஆணுக்கு அது சாகும்வரை அப்பாவின் எழுத்து. பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மாறிவிடுகிறது. பழைய எழுத்தும் புதிய எழுத்தும் சேர்ந்திருக்கும் ஒரு காகிதம் கிடைத்தால்தான் அவளைத் தாண்டிப் போக முடியும். கல்யாணப் பத்திரிகை ஒன்று அப்படிப்பட்டது. ஜாதகம் இன்னொன்று, நிறையப் பெண்களுக்குப் பிறந்த நாளை எழுதிவைத்த ஒரே காகிதம் அது. கல்யாணம் முடிந்ததும் இனி எதற்கு என்று பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தபோது ஆதாரும் பட்டாவும் போயிற்றே என்று அழுதவர்களுக்குப் பிறகு நகல் கிடைத்தது. மொய் நோட்டுக்கு நகல் ஏது?

இந்த வேலையில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பழைய பதிவேடுகளில் சாதி எழுதியிருக்கிறது. காதலித்த குற்றத்துக்காகப் பிள்ளைகளை வெட்டிக் கொல்கிற நாட்டில், பதிவேடுகளைத் திறந்துவிடு என்று கேட்பது சரியா என்று என் மகளே கேட்டாள். மாப்பிள்ளையின் பூர்வீகம் விசாரித்துத் தரச் சொல்லி என்னிடமும் ஆள் வந்ததுண்டு. அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி விசாரிப்பதில்லை, கேட்பவர் தன் சொந்தக் குடும்பத்தைத் தவிர வேறு குடும்பத்தைக் கேட்டால் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். வெட்ட நினைக்கிறவனுக்குப் பதிவேடு தேவையில்லை. ஒரு தெருப்பெயரும் அரை மணி நேரமும் போதும் அவனுக்கு. ஏடுகளைப் பூட்டிவைப்பதால் தோற்பவர்கள் கூடலூர் ஆசிரியையைப் போன்றவர்கள்தான். சாதி பற்றிய கட்டத்தை மறைத்துவிட்டுப் பார்வைக்கு வைக்கட்டுமே. இறப்பின் காரணத்தைச் சட்டம் மறைக்கச் சொல்கிறதே, அதைப் போல.

ஆகவே அரசிடம் நான் கேட்பது இதுதான். நூறு ஆண்டைத் தாண்டிய பிறப்பு, இறப்பு ஏடுகளை, அவை எந்த அலுவலகத்தின் பரணில் இருந்தாலும், எடுத்து எழும்பூர் காப்பகத்துக்குக் கொடுங்கள். ஒளிப்படம் எடுத்து, ஊர்வாரியாக அட்டவணை போட்டு, உறவு கேட்காமல் காட்டுங்கள். நூறு ஆண்டுக்கு முன் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கரையான் அவர்களுக்காகக் காத்திருக்காது. எவரும் கேட்கலாம் என்று சட்டமே சொல்லும்போது, அதை அமல்படுத்த ஒரு சுற்றறிக்கை போதும் என்று பதிவுத்துறைக்குள் வாழ்நாள் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வாரிசுச் சான்று விசாரணையிலும் ஒரு கட்டம் கூட்டலாம்: இறந்தவரின் தாயார் பெயர், அவர் பிறந்த ஊர். சொத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் வராது.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அம்மாவின் அம்மா பெயரும், அவர் பிறந்த ஊரும், அவரைப் பெற்றவர் பெயரும் தெரிந்தால் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கும்போதே கேளுங்கள். பரணில் இருக்கும் மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள்.